பெக் ஹூனின் கைப்பையில் போகும் கேமரா

ஆ குவாங்கிடம் இருந்த கேமராவுக்கு நாலு மீட்டருக்குள் எதுவும் தெரியாது. அதில் மாட்டியிருந்த லென்ஸ் அப்படி. குளத்தின் அந்தக் கரையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியின் இமையைக்கூடக் கொண்டுவந்து கொடுத்துவிடும். பக்கத்தில் நிற்கும் மனுஷர் மட்டும் வெறும் புகை. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றபோது கையில் வந்ததில் பெரும்பங்கை அதில் கொண்டுபோய்க் கொட்டினான். நாங்கள் அதற்குப் பீரங்கி என்று பேர் வைத்திருந்தோம். என்னிடமும் ஒன்று உண்டு, கொஞ்சம் சின்னது. அதனால் அவனைக் கேலி பேச எனக்கு முழு உரிமை இல்லை. இருந்தாலும் பேசுவேன்.

பேத்தியின் பிறந்தநாளை அவன் எடுத்த அழகைக் கேளுங்கள். மூவறை வீட்டில் எங்கே போய் நாலு மீட்டர் பின்வாங்குவது? எதிரே இருந்த அடுக்குமாடி பிளாக்குக்குப் போய், வராந்தாவில் முக்காலியை நிறுத்தி, ஜன்னல் வழியாக எடுத்தான். கேக் துல்லியம், மெழுகுவத்தி துல்லியம், பேத்தியின் விழுந்த பல்லுக்குப் பதில் முளைத்த பல்லும் துல்லியம். குறுக்கே ஜன்னல் கம்பி. பெக் ஹூன், அவன் மனைவி, அடுப்படியில் இருந்ததால் படத்தில் இல்லை. வராந்தாவில் ஒருவன் பீரங்கியோடு நிற்கிறான் என்று எதிர் பிளாக்குக்காரர் போலீஸைக் கூப்பிடப் போனது தனிக்கதை.

எங்கள் கும்பலைச் சிங்கப்பூரில் எந்தப் பூங்காவிலும் பார்க்கலாம். எல்லாரும் ஓய்வு பெற்ற கிழங்கள். நான், தணி, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவன். ஹாஷிம் தபால்காரர். முக்காலிகளை வரிசையாக நிறுத்திவிட்டு ஒரே கிளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எங்களுக்குள் சில கட்டுப்பாடுகள் உண்டு. பறவையை நோக்கி ஓர் அடிகூட முன்னே வைக்கக்கூடாது என்பது ஒன்று. இன்னொன்று, படம் எவ்வளவு அருமையாக விழுந்திருந்தாலும் அந்த இடத்தில் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் மறுநாள் பறவை வராது. யாராவது கேட்டால், "இன்னும் சரியா கிடைக்கல" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்ல வேண்டும். அப்போதுதான் அது திரும்பி வரும்.

ஒருமுறை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. வலசை வந்த நீலச் சிறகுக்காரி ஒருத்தி, நம் ஆறுமணிக் குருவிக்குச் சொந்தக்காரி, இலைச் சருகுக்குள்ளிருந்து எழுந்து வந்து நேருக்கு நேர் நின்றாள். "ஆஹா, அப்படியே விழுந்திருக்கு!" என்று கத்திவிட்டேன். மறுநாள் அவளைக் காணவில்லை. போகிற பருவம் வந்தது, போயிருப்பாள். ஹாஷிம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆ குவாங் பேசினான், ஆனால் அது பேசாமலே இருந்திருக்கலாம் என்கிற மாதிரிப் பேச்சு. அவன் இந்த விஷயத்தில் எங்கள் எல்லாரையும்விட மோசம். நல்ல படம் கிடைத்தால் வீட்டு லிஃப்டின் கதவு மூடிய பிறகுதான் சிரிப்பான்.

பெக் ஹூனைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொன்னால் புகழ்வது மாதிரி ஆகிவிடும், அது அவளுக்குப் பிடிக்காது. பீரங்கிக்கு மழையுறை தைத்துக் கொடுத்தது அவள்தான். கிழிந்த குடைத்துணியை எடுத்து அளவு பார்த்து, சட்டைக்குக் கைக்குழி வெட்டுகிற மாதிரி வெட்டித் தைத்திருந்தாள். பத்து மணிக்கு அடுக்குச் சட்டியில் கஞ்சியும் உப்பு முட்டையும் எடுத்துக்கொண்டு பூங்காவுக்கு வருவாள். வந்ததும், "என்ன, கிடைச்சுதா?" என்பாள். "இன்னும் சரியா கிடைக்கல" என்று நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வோம். "பொய்யனுங்க" என்றபடி கஞ்சியை ஊற்றுவாள். எனக்கு முட்டையில் பெரிய பாதி கொடுப்பாள். அதற்காகவே அவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன் என்று ஆ குவாங் சொல்வான்.

போன வருஷம் படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. பரிசோதித்துவிட்டு, இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, மார்பைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தேதியும் குறித்தாயிற்று. அதற்கு முன்னால் எங்கேயாவது போய் வரலாமா என்று இவள் கேட்க, படி ஏறாமல், பாரம் தூக்காமல், மாத்திரையை மறக்காமல் போய் வாருங்கள் என்று விட்டார்கள். பினாங்கு போகலாம் என்றாள். துணைக்கு நானும் என் மனைவி பாக்கியமும். ஆ குவாங் பறவையைக் கண்டால் அவளை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவான் என்பதால் எங்கள் துணை.

பயணப் பேச்சு நடந்த அன்று அவர்கள் வீட்டில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பெக் ஹூன் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பீரங்கி வந்தா நான் வரல. சொல்லிட்டேன்."

"அதில்லாம நான் எதை எடுக்கறது?"

"என்னை எடு. எத்தனை வருஷமாச்சு என்னை ஒரு படம் எடுத்து? ஆப்பரேஷன்ல ஏதாவது ஆகிப்போச்சுன்னா கீழ சாவுப் பந்தல்ல எந்தப் படத்தை வைப்ப? இருவாச்சி படத்தையா?"

பாக்கியம் கையிலிருந்த பிஸ்கட் கோப்பிக்குள் விழுந்தது. ஆ குவாங் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கழுவ ஒன்றும் இல்லாமல், கையைக் கழுவிக்கொண்டு நின்றான்.

அவளுக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அண்ணன் செத்தபோது தனிப்படம் ஒன்றும் கிடைக்காமல் ஏதோ கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தார்கள். வெட்டியும் அவர் தோளில் யாரோ ஒருவருடைய கை மிச்சம் இருந்தது. இன்றைக்கும் முன்னோர் மேடையில் அந்த அண்ணன் தோளில் ஊர் பேர் தெரியாத கையோடுதான் ஊதுபத்தி வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"எனக்கு முகம் நேரா, தோள் வரைக்கும், சிரிச்ச மாதிரி ஒண்ணு வேணும். ஊரான் கை இல்லாம." இதைச் சந்தையில் மீன் வெட்டச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். "அந்தப் படத்தை நீதான் எடுக்கணும். அதுக்கு ஏத்த மாதிரி சின்னதா ஒண்ணு வாங்கு."

மறுநாள் கேமராக் கடைக்குப் போனோம். நான், ஆ குவாங், ஹாஷிம், பெக் ஹூன். ஒரு சின்னக் கேமரா வாங்க நாலு பேர். கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தார். ஆ குவாங் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு கடைவாசலுக்கு ஓடி, எதிர்க் கட்டடத்தின் உச்சியில் இருந்த மைனாவைக் குறிபார்த்தான். அவனுக்குத் தெரிந்த பரீட்சை அது ஒன்றுதான்.

"இது எவ்வளவு தூரம் போகும்?"

"சாப்பாட்டை எடுக்கவா, நிலாவை எடுக்கவா?" என்று கடைக்காரர் கேட்டார்.

ஹாஷிம் இருட்டில் நன்றாக எடுக்கும் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அதில் தூரத்தைக் கிட்டே இழுக்கவே முடியாது. ஆ குவாங்குக்குப் பிடித்ததோ நீட்டினால் யானைத் துதிக்கை மாதிரி நீளும் ஒன்று. அது பையில் அடங்காது. இருவரும் ஒருவரை ஒருவர் மட்டம் தட்ட ஆரம்பித்தார்கள். எனக்குப் பொறுமை போயிற்று.

"ஏய், நீ வாங்கறது ரெண்டாவது பீரங்கியா? வீட்ல இருக்கறது என்ன செய்யாதோ அதைச் செய்யறதா பாருய்யா. கிட்ட இருக்கற ஆளு தெரியணும், தெரு முழுசா அடங்கணும், மழை வந்தா ஒளிச்சு வைக்கணும். அவ்வளவுதானே?"

"கொஞ்சம் தூரமும் போகணும்."

"எதுக்கு?"

அவன் மறுபடியும் மைனாவைக் குறிபார்த்தான்.

இதற்குள் பெக் ஹூன் தன் கைப்பையைத் திறந்து, மாத்திரைப் பெட்டிக்கும் காகிதக் கைக்குட்டைக்கும் நடுவில் ஒவ்வொரு கேமராவாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது, கறுப்பாக, சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. பையை மூட முடிந்தது.

"இது எப்படி?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"எதிலயும் முதல் மார்க் வாங்காது, ஆண்ட்டி. எதிலயும் ஃபெயிலும் ஆகாது. அகலமா எடுக்கும், ஓரளவுக்குக் கிட்ட இழுக்கும், தட்டுல இருக்கற மிளகாயை மூக்குக்குக் கிட்ட வச்சாலும் எடுக்கும்."

"நான் இங்கயே நிக்கறேன். இந்தக் கிழவன் அங்கயே நிக்கட்டும். ஒருத்தரும் தெரு தாண்டிப் போகக்கூடாது. என் மூஞ்சி தெரியுதா பாருங்க."

தெரிந்தது. கடைக்காரர்தான் அழுத்தினார். ஆ குவாங் திரையைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டான். பிறகு அதை அழித்துவிட்டான். அதில் அவள் கண் ஒன்றும் மூடியிருக்கவில்லை, படம் நன்றாகத்தான் இருந்தது. எதற்கு அழித்தான் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. கறுப்புக் கேமராவையே வாங்கினோம். அன்றிலிருந்து அது அவளுடைய கைப்பையில்தான் இருந்தது.

பினாங்கில் முதல் இரண்டு நாள் அவன் எடுத்த படங்களைப் பார்த்தால் உங்களுக்கும் கோபம் வரும். படகுத்துறையில் அவளை நிற்கச் சொன்னான். நின்றாள். அவன் பின்னால் நகர்ந்தான், இன்னும் நகர்ந்தான், மிதிவண்டிக்காரன் ஒருவன்மேல் மோதினான், மன்னிப்புக் கேட்டான், திரும்பவும் நகர்ந்தான். படத்தில் கப்பல் இருக்கிறது, மேகம் இருக்கிறது, நாய்கூட இருக்கிறது. ஓரத்தில் சிவப்பாக ஏதோ ஒன்று. அதுதான் பெக் ஹூன். கோயில் வாசலில் அப்படி, சந்தையில் அப்படி. சார் குவே தியாவ் கடையில் மட்டும் பின்னால் போக இடமில்லாமல் நூடுல்ஸை எடுத்தான். நூடுல்ஸ் பிரமாதம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் தங்கும் விடுதியின் கீழே உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது யாரு? நானா, குப்பைத்தொட்டியா?"

"குப்பைத்தொட்டி பச்சையா இருக்கு, அக்கா. சிவப்புதான் நீங்க" என்றாள் பாக்கியம்.

பெக் ஹூன் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு இருமலாகிப் பாதியில் நின்றது. மூச்சு வாங்கியது. கேமராவை அணைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "விடு. என் தலையெழுத்து. எனக்கும் யாரோட கையோ" என்று சொல்லி அறைக்குப் போய்விட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நான் ஆ குவாங்கைக் கையைப் பிடித்துக் கடற்கரைச் சுவர்வரை இழுத்துக்கொண்டு போனேன்.

"டேய், உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? அவ கேக்கறது ஒரு படம். ரெண்டு அடி முன்னாடி போய் ஒரு பட்டனை அழுத்தினா முடிஞ்சுது. அவ என்ன பறந்தா போயிடுவா?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அலை சுவரை அடித்து அடித்து விட்டது. "போயிடுவா" என்றான்.

"என்ன?"

"நல்லா ஒரு படம் விழுந்துட்டா, தணி, அதுக்கப்புறம் அது வர்றதில்ல. உனக்கே தெரியும். நேரா, தோள் வரைக்கும், சிரிச்ச மாதிரி. எல்லாம் தயாரா இருக்கும். பந்தலுக்கு, மேடைக்கு. தயாரா ஒண்ணு இருந்தா அப்புறம் அவளைக் கூப்பிட எவ்வளவு நேரமாகும்?" மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தான். "என்கிட்ட அந்தப் படம் இல்லாத வரைக்கும் அவ போகமுடியாது. நான் எடுக்கமாட்டேன்."

முப்பது டன் பெட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டு இறக்கிய கை என்னுடையது. அன்றைக்கு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தப் பைத்தியத்தை வளர்த்தவர்களில் நானும் ஒருவன். நீலச் சிறகுக்காரி போனதற்கு என் வாய்தான் காரணம் என்று இன்றைக்கும் பாதி மனசு நம்புகிறது. அவன் தோளில் கை போட்டேன். இருவரும் நடந்து திரும்பினோம்.

கடைசி நாள் காலை, கடலுக்குள் கம்பம் நட்டுக் கட்டிய மர வீடுகளின் பக்கம் போனோம். பலகைப் பாதையின் நுனியில் பெக் ஹூன் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்து, பாக்கியம் உரித்துக் கொடுத்த பொமேலோப் பழச் சுளைகளைத் தின்றுகொண்டிருந்தாள். படம் வேண்டும் என்று கேட்கவில்லை. காற்றில் தலைமுடி கலைந்திருந்தது, அதையும் சரிசெய்துகொள்ளவில்லை.

ஆ குவாங் பாதையின் மறுமுனையில் நின்றான். அவளுடைய கைப்பை அவனிடம் இருந்தது. திறந்து கேமராவை எடுத்தான். வழக்கம்போலப் பின்னால் நகரப் போகிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகரவில்லை. ஓர் அடி முன்னால் வைத்தான். நின்றான். பலகை கிறீச்சிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு இன்னோர் அடி. அதிர்ந்து நடந்தால் எழுந்து பறந்துவிடுவாள் என்கிற மாதிரிக் குதிகாலைத் தூக்கியே நடந்தான். ஆளைவிட உயரமான லென்ஸோடு ஊரெல்லாம் சுற்றியவன், சோப்புக்கட்டி மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சொந்தப் பெண்டாட்டியிடம் போக அத்தனை பாடுபட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அவள் கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றபோதுதான் பெக் ஹூன் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடா கிழவா, வழி தெரியாம வந்துட்டியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முகம் நேராக, தோள் வரைக்கும். அவன் அழுத்தினான்.

நான் அவனுக்குப் பின்னால் போய்விட்டிருந்தேன். திரையைப் பார்த்தேன். நான் பார்த்த படங்களில் அப்படி ஒன்று இல்லை. பின்னால் கடல் வெளிறிப்போய் இருந்தது, முன்னால் அவள் முகம் மட்டும். கலைந்த முடி, உதட்டோரம் பொமேலோச் சாறு, அவனைப் பார்க்கும்போது மட்டும் அவள் கண்ணில் வரும் அந்தக் குறும்பு, எல்லாம் வந்திருந்தது. யார் கையும் இல்லை. என் வாய் தானாகத் திறந்தது. இழுத்து மூடிக்கொண்டேன்.

"கிடைச்சுதா?" என்று கேட்டாள் பெக் ஹூன்.

ஆ குவாங் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"இன்னும் சரியா கிடைக்கல."

எத்தனை வருஷம் எங்களுக்குக் கஞ்சி ஊற்றியவள் அவள். அந்தப் பதிலை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். அவனை உற்றுப் பார்த்தாள். கையிலிருந்த சுளையைத் தின்ன மறந்துவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்ததைக் கண்டு பாக்கியம் என்னைப் பார்த்தாள், நான் கடலைப் பார்த்தேன்.

"பொய்யன்" என்றாள் மெதுவாக. சுளையை அவன் வாயில் திணித்தாள். "சரி. அப்ப நாளைக்கும் பாப்போம்."

அந்தப் படத்தை அவள் கேட்கவும் இல்லை, அவன் காட்டவும் இல்லை. நான் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை, ஹாஷிமிடம்கூட.

அறுவைச் சிகிச்சை நாளன்று நாங்கள் மூன்று கிழவர்களும் பாக்கியமும் ஆஸ்பத்திரியின் கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். ஹாஷிம் தொழுதுவிட்டு வந்தார், பாக்கியம் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். ஆ குவாங் மடியில் அந்தக் கைப்பையை வைத்துக்கொண்டு, ஒரே கிளையைப் பார்க்கிற மாதிரி லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் காத்திருக்கத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவன் காத்திருந்ததைப் பார்க்க முடியவில்லை. கோப்பி ஆறி மேலே ஆடை கட்டியது.

வால்வு நன்றாக வேலை செய்கிறது என்று சாயங்காலம் சொன்னார்கள். ஆனாலும் வார்டுக்கு மாற்றிய பிறகுதான் எங்களைப் பார்க்க விட்டார்கள். பெக் ஹூன் பாதியாகியிருந்தாள். மூக்கின்மேல் டேப் ஒட்டிய தடம், தலைமுடி ஒரு பக்கமாகச் சப்பையாகப் படிந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறந்து எங்கள் எல்லாரையும் பார்த்தாள். கடைசியாக அவனைப் பார்த்தாள்.

ஆ குவாங் கைப்பையைத் திறந்தான். கேமராவை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனான், இந்தத் தடவை நேராக, ஒரே நடையில், தொடையைக் கட்டிலில் இடித்துக்கொண்டு. அவள் முகத்துக்கு மேலே குனிந்து ஓர் அழுத்து அழுத்தினான். குனிந்த அவசரத்தில் படம் கலங்கித்தான் விழுந்திருக்கும்.

வறண்டுபோன குரலில், வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, அவள் கேட்டாள்.

"கிடைச்சுதா?"

"இன்னும் சரியா கிடைக்கல" என்றான்.

"எப்படிக் கிடைக்கும்? தலை வாரியிருக்கா பாரு." கண்ணை மூடிக்கொண்டாள். போர்வைக்கு வெளியே கிடந்த கை மட்டும் நகர்ந்து அவன் சட்டை நுனியைப் பிடித்தது. "நாளைக்கு வா. சீப்பு எடுத்துக்கிட்டு வா."